ஆத்தங்குடி கல்லா, விட்ரிஃபைடா? முதலில் பல்பைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் தரையில்தான் சண்டையை ஆரம்பிக்கிறார்கள். அப்பாவுக்கு ஆத்தங்குடி கல், அதாவது அந்த ஊரில் கையால் செய்யும் சிமென்ட் டைல் வேண்டும். மகனுக்கு நாலடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு, அதாவது சூளையில் சுட்ட ஆலை டைல் வேண்டும். "கானாடுகாத்தான் வீடு மாதிரி இருக்கணும்" என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. ஆனால் அந்த ஊரின் பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குள் போனதும் நம் நடை தானாக நிதானப்படுகிறதே, அதில் பாதிக்கு மேல் வெளிச்சத்தின் வேலை என்பேன். தரைக்கு இரண்டாம் இடம்தான்.

சண்டை அங்கே நடப்பதால் தரையையே முதலில் பார்ப்போம். ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ண சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, கலங்காமல் அச்சைத் தூக்கிவிடுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டம் செய்வார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்து கண்ணாடி கழன்று வரும்போது, அந்த வழவழப்பு கல்லில் தங்கியிருக்கும். கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் சிவப்பு அடுத்த கல்லில் அப்படியே வராது. பெரிய கூடம் முழுக்கப் பதித்தாலும் கண் சலிக்காததற்கு அதுதான் காரணம்.

விட்ரிஃபைடு உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. புளிக்குழம்பு கொட்டினால் துடைத்துவிட்டுப் போகலாம். ஆத்தங்குடி கல் சிமென்ட் என்பதால் புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் எல்லாமே அதற்குப் பகை. ஆகவே அடுப்படியிலும் குளியலறையிலும் விட்ரிஃபைடுதான். இதில் விவாதமே வேண்டாம். கூடத்தில் மட்டும் பளபளப்பு ரகத்தைத் தவிருங்கள். மேலே எரியும் ஒவ்வொரு விளக்கும் தரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். ராத்திரியில் வீடு நகைக்கடை மாதிரி ஆகிவிடும். மேட் ரகம் அந்த அளவுக்குக் கெடுக்காது.

இனி வெளிச்சம். பழைய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. முற்றத்துக் கல்லில் விழுந்த வெயில் தெறித்து, தாழ்வாரத்து ஓட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு, தூண்களைத் தடவி, அறை வாசலில் மங்கிவிடுகிறது. முற்றம் பளிச், தாழ்வாரம் மிதம், அறை இருட்டு. இந்தப் படிகள்தான் அந்த வீட்டின் மனநிலை. நாம் செய்வதென்ன? ஃபால்ஸ் சீலிங் போட்டு, மூலைக்கு மூலை ஒரே அளவில் எல்இடி பதித்து, படிகளை எல்லாம் அழித்துவிட்டு, "செட்டிநாட்டுக் களை வரலையே" என்கிறோம்.

பல்பின் நிறமும் உண்டு. அதைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது பெரும்பாலும் 6500 கெல்வின், கூல் டேலைட். அதன் கீழே ஆத்தங்குடிச் சிவப்பு செத்துப்போகும். தேக்கு சாம்பல் பூத்தது போல் தெரியும். அதே கல்லை 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டில் பாருங்கள், வேறு கல்லோ என்று தோன்றும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. "மஞ்ச வெளிச்சத்துல அரிசியில கல்லுப் பொறுக்க முடியாதுப்பா" என்று ஆச்சிமார் சொல்வது நியாயம்தான். அடுப்படிக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 போதும்.

புது வீட்டில் முற்றம் வைப்பவர்கள், குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து பாலிகார்பனேட் ஷீட்டால் மூடிவிடுகிறார்கள். மேலே போகவேண்டிய சூடு உள்ளேயே நிற்கும். பச்சை ஷீட் என்றால் இலையில் வைத்த சோறும் பச்சையாகத் தெரியும்! கம்பி வலையோடு திறந்தே விடுவது என் முதல் விருப்பம். மழைத்தண்ணீர் போக வழி வைத்தால் போதும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால் நிறமில்லாத லாமினேட்டட் கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் அடி உயர்த்திப் போட்டு, சுற்றிலும் வலை அடிக்கலாம்.

சுவரில் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பழைய பூச்சுக்கு ஈடு இல்லை. பல அடுக்கு வேலை. கை தேர்ந்த கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம். முகப்பில் ஒரு சுவருக்கு மட்டும் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு லேசான மினுமினுப்புள்ள வெள்ளை எமல்ஷன் அடித்தால் போதும்.

தூணுக்கு வந்தால், முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் கிடைக்கும். தாழ்வாரக் கூரையை உண்மையிலேயே தாங்கும் இடம் இருந்தால் வாங்குங்கள். டிவி சுவரோரம் சும்மா நிற்கவென்றால் அந்தப் பணத்தை முற்றத்துக்குப் போடலாம். வாங்குவதற்கு முன் அடிப்பக்கத்தில் கரையான் பார்த்து, கூரை உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். அறுத்துக் குட்டையாக்கிய தூண் எங்கே நிறுத்தினாலும் குட்டையாகத்தான் தெரியும்.