கோடைக் கச்சேரிக்குக் கடற்கரையா, ஊர்த் திடலா?

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரண்டு கோடையாக நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் டிக்கெட் இல்லாத கச்சேரி நடத்துகிறோம். முதல் வருடம் சங்குத்துறை கடற்கரை. அடுத்த வருடம் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு திடல். இந்த ஏப்ரலில் எங்கே என்று கேட்பவர்களுக்கு: திடலில்தான்.

கடற்கரையின் அழகை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவதும், இரவு 10 மணிக்கு மைக்கை அணைப்பதும் இரண்டு இடத்துக்கும் பொது. கன்னியாகுமரியையும் யோசித்தோம். அங்கே கூட்டம் சூரியன் விழுந்ததும் அறைக்குத் திரும்பிவிடும்.

எங்கள் மனதை மாற்றியது காற்று. பகலெல்லாம் சூடேறிய கரையை நோக்கிக் கடலிலிருந்து வீசும் காற்று ஆறு மணிக்கும் அடங்குவதில்லை. சத்தம் ஜனங்கள் பக்கம் போகட்டும் என்று மேடையின் முதுகைக் கடலுக்குக் காட்டி வைத்தோம். சத்தம் போனது, மைக்குக்குள் காற்றும் புகுந்தது. பஞ்சு உறை போட்டும் 'புஸ் புஸ்' நிற்கவில்லை. சினிமாப் பாட்டு என்றால் சமாளித்திருக்கலாம். நாங்கள் வைத்ததோ வில்லுப்பாட்டு. அதில் கதை காதில் விழாவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. புலவர் ஒரு வரி சொல்லி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்ட, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. தாளத்துக்குத் தட்டும் குடத்தின் 'தும்' அலைச் சத்தத்தில் கரைந்துவிட்டது. அதே குழு திடலில் பாடிய அன்று, ஓரமாகக் கப்பலண்டி (வேர்க்கடலை) வறுத்தவர் சட்டியில் கரண்டி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி எடுபட்டதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காற்றோடு உப்பும் வரும். இரண்டாவது வாரமே ஒயர் முனைகளில் பச்சை பூத்தது. மைக் செட்காரர், "மக்ளே, பாட்டு முடிஞ்சா நீங்க போயிருவிய. நான்லா ஒவ்வொண்ணா துடைக்கணும்" என்றார். சொன்ன கையோடு வாடகையையும் ஏற்றினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் கள்ளக்கடல். ஏப்ரல், மே மாதங்களில் எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். ஒரு சனிக்கிழமை அந்த எச்சரிக்கை வந்ததால் விரித்த ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தோம். குழந்தைகளை மணலில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பயத்தோடு பாட்டுக் கேட்க முடியுமா?

திடலில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏழு மணி வரை புழுக்கம், கொசு, இடையிடையே பஸ் ஹாரன். சுற்றிலும் வீடுகள் என்பதால் சத்தத்தை அடக்கியே வைக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி வரை 55 டெசிபல்தான் வரம்பு. மே மாத இடிமழை இரண்டு வாரத்தைக் கெடுத்தது. ஆனால் மழைக்கு ஒதுங்கக் கடைத் திண்ணைகள் இருந்தன, பாதிப் பேர் காத்திருந்தார்கள்.

கிட்டார், டிரம்ஸ் குழுக்களுக்குக் கடற்கரை பொருந்தலாம். நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் கரையில் சிங்காரி மேளம் (செண்டைக் குழு) வைத்தோம். அதற்கு மைக்கே தேவைப்படவில்லை. அந்த ஒரு மாலை மட்டும் சங்குத்துறைதான் ஜெயித்தது.