இடைவெளியா, வால்வா? செட்டிநாட்டு வீட்டுக் குழாய்க்கு எது காவல்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் பல வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் பங்காளிகள் கூடித் திறப்பார்கள். போன கல்யாணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவ ஓர் அண்டா நிறையச் சோப்புத் தண்ணீர். குழாயில் மாட்டிய ஓஸ் அதற்குள் முங்கிக் கிடந்தது, குழாயையும் யாரும் மூடவில்லை. தெருவில் தண்ணீரை நிறுத்தினார்கள். மறுபடி வந்தபோது பள்ளத்து வீட்டு ஆச்சி கேட்டார்: "என்ன தம்பி, தண்ணி நுரைச்சுக்கிட்டு வருது?"

நடந்தது இதுதான். தெருக்குழாயில் அழுத்தம் இறங்கியதும் மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது அண்டாவில் முங்கிய ஓஸ் வழியாகச் சோப்புத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டது. நாள் முழுக்கத் தண்ணீர் வராத ஊர்களில் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் இதற்கு வாய்ப்பு உண்டு. தெருக்குழாயிலேயே மோட்டாரைப் போட்டு இழுக்கிறவர்கள் இருந்தால் உறிஞ்சல் இன்னும் பலம். இன்னொரு வழி, உள்ளேயிருந்து தள்ளுவது. போர் கிணற்றுத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்திருந்தால், போர் மோட்டாரின் அழுத்தம் தெருக்குழாயை எளிதாக வென்றுவிடும்.

சோப்பு நுரை கண்ணுக்குத் தெரிந்தது. சாக்கடை கலந்தால் தெரியாது. 1933இல் சிகாகோவில், உலகக் கண்காட்சி நடந்த சமயத்தில், ஓட்டல்களின் கோளாறான குழாய் இணைப்புகளால் அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள்.

இதைத் தடுக்க என்ன இருக்கிறது என்று கடையில் போய்க் கேட்டால் முதலில் கைக்கு வருவது என்ஆர்வி, அதாவது தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு. உள்ளே ஒரு மடல் இருக்கும். தண்ணீர் ஒரு பக்கம் போகும், திரும்பினால் அடைத்துக்கொள்ளும். விலை குறைவு, அரைமணி வேலை. ஆனால் நிறுத்தி விடுகிற தண்ணீரில் முதல் குடத்தில் துருவும் மணலும் வரும் என்பது குழாயடியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு மணல் துணுக்கு மடலில் சிக்கினால் போதும், வால்வு பாதி திறந்தே நிற்கும். வெளியில் எந்த அடையாளமும் இருக்காது. என் குறை அதுதான்: கெட்டுப்போனால் சொல்லாது.

காற்று இடைவெளியில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. தொட்டியில் விழும் குழாயின் வாய், தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும்; எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முக்கால் அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அங்குலம். தெரு எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் போகும். உள்ளேயிருந்து தள்ளினாலும் தொட்டி வழியுமே தவிர, தண்ணீர் குழாய்க்குள் ஏறாது. கெடுப்பது நாம்தான். ராத்திரி தண்ணீர் விழும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு துண்டுக் குழாயை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிடுவோம். அளக்கும்போதும் வழக்கமான மட்டத்திலிருந்து அளப்போம். மிதவை வால்வு சிக்கி மூடாமல் நின்றால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதுதான் கணக்கு. வழிந்தோடும் துளை அடைத்திருந்தால் இடைவெளியே இல்லை.

இதற்கு ஒரு செலவு உண்டு: தெரு அழுத்தம் தொட்டியோடு முடிந்துபோகும், மறுபடி மோட்டார் வேண்டும். தொட்டியில் பிடித்து மோட்டாரில் ஏற்றுவதே பழக்கமான நம்மூரில் இதை ஒரு நஷ்டமாக நான் எண்ணவில்லை.

ஓஸ் மாட்டும் குழாய்களுக்கு மட்டும் திருகி மாட்டும் வெற்றிடத் தடுப்பான் நல்லது. உறிஞ்சினால் காற்றை உள்ளே விடும். உள்ளேயிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு அது காவல் இல்லை. இரட்டைத் தடுப்பு வால்வு என்பது இரண்டு என்ஆர்வி ஒரே உடம்பில். ஒன்று போனால் மற்றது காக்கும், ஆனால் சோதித்தால்தான் போனது தெரியும்.

குறைந்த அழுத்த மண்டல வால்வுதான் இவற்றில் கெட்டிக்காரன். இரண்டு தடுப்புகளுக்கு நடுவிலுள்ள அறையில் அழுத்தம் எப்போதும் தெருவைவிடக் குறைவு. எது கசிந்தாலும் தண்ணீரை வெளியே கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வருஷம் ஒருமுறை தேர்ந்த ஆள் வந்து சோதிக்க வேண்டும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்கக் கூடாது, போகிற போக்கில் அழுத்தத்தையும் நிறையத் தின்னும். தொட்டி வரை வருவதற்கே மூச்சு வாங்கும் நம் தெருத் தண்ணீருக்கு இது பொருந்தாது. பழைய வீட்டை ஓட்டலாக்கி, நீச்சல் குளமும் உரம் கலக்கும் தோட்டக் குழாயும் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். அங்கேயும் தனித்தொட்டி கட்டி இடைவெளி விட இடமிருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் போரையும் தெருக்குழாயையும் சேர்த்த கேட் வால்வு பட்டாலைக் கூடத்தின் தரைக்கடியில் இருக்கிறது. அங்கே பதித்த ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்க்கப் பங்காளிகள் யாரும் ஒப்பவில்லை, சரி என்று விட்டோம். போர்க் குழாயை வெளியிலேயே வெட்டி மூடி, தனிக்குழாயில் மேல்தொட்டிக்கு ஏற்றினோம். கீழ்த்தொட்டியில் முங்கியிருந்த துண்டுக் குழாயையும் அறுத்தாயிற்று. இப்போது தண்ணீர் வரும் ராத்திரிகளில் இரண்டாம் கட்டு வரை சத்தம் கேட்கிறது.