ஸ்விஃப்ட் டீசலின் கம்பெனி டர்போ: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் எதைப் பார்ப்பது?

ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின் மாருதி வண்டிகளில் 2020 வரை வந்தது. ஸ்விஃப்ட், டிசையரின் 75 பிஎஸ் எஞ்சினில் இருப்பது சாதாரண வேஸ்ட்கேட் டர்போ. (எஞ்சின் புகையின் விசையில் சுற்றி உள்ளே காற்றை அழுத்துவது டர்போ; மிகையான புகையை ஒதுக்கிவிடும் கதவு வேஸ்ட்கேட்.) எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவின் 90 பிஎஸ் எஞ்சினில் விஜிடி, அதாவது புகை வழியில் வேன்கள் எனும் சிறு தகடுகள் கோணம் மாறும் டர்போ. பழைய வண்டி வாங்கும்போது எது என்று தெரிய வேண்டுமா? எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டை அல்லது வேன்களை அசைக்கும் டப்பா) கம்பியைப் பாருங்கள். விஜிடியில் வேக்குவம் வந்ததும் கம்பி இழுபடும். வேஸ்ட்கேட்டில் ஐடிலில் அசையாது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால்தான் தள்ளும்.

75 பிஎஸ் வண்டியில் 190 என்எம் டார்க் கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே மந்தமாக இருப்பது டிசைன், கோளாறு அல்ல. ‘பிக்கப் இல்லை’ என்று இதற்காகவே டர்போவைக் கழற்றுவது வீண் செலவு.

டர்போவில் வெள்ளை நிற அலுமினிய ஓடுதான் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பக்கம். துருவேறிய வார்ப்பிரும்பு ஓடு புகை சுற்றும் டர்பைன் பக்கம். நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்கி இருப்பது கார்ட்ரிட்ஜ். அதன் மேலே மெல்லிய ஆயில் பைப் பேஞ்சோ போல்ட்டில் (ஆயில் போக உள்ளே துளையுள்ள போல்ட்) வரும், கீழே தடித்த ரிட்டர்ன் பைப் போகும். ரிட்டர்னில் அழுத்தம் இல்லை, ஆயில் தானாக வடிய வேண்டும்; அதனால்தான் அந்தத் தடிமன். ஷாஃப்ட் மிதக்கும் புஷ்களில் ஆயில் படலத்தின் மேல் சுற்றுகிறது, வேகம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும்.

பலர் தவறுவது சீல் விஷயத்தில். உள்ளே ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம்தான். இரு பக்க அழுத்த வித்தியாசம் சரியாக இருக்கும்வரைதான் அது ஆயிலைத் தடுக்கும். ரிட்டர்ன் பைப் அடைத்தாலோ, பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைத்து எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ, ஏர் ஃபில்டர் மண்ணடித்து இழுப்பு கூடினாலோ நல்ல டர்போவும் ஆயில் அடிக்கும். இவற்றைப் பார்க்காமல் புது டர்போ மாட்டினால் அதுவும் அடிக்கும். கம்ப்ரசர் ஹோஸில் லேசான ஆயில் ஈரம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பிரீதரிலிருந்து வருவது.

ப்ளே, அதாவது ஷாஃப்ட்டின் ஆட்டம் பார்க்க எஞ்சின் ஆறியபின் இன்டேக் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட் முனையைப் பிடியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், மிதக்கும் புஷ்ஷுக்கு அது இயல்பு. பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றும்போது வீல் ஓட்டில் உரசக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரியும் அசைவு இருந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. வீல் இதழ்களின் முன்விளிம்பு அரித்திருந்தால் ஃபில்டர் பெட்டி சரியாக மூடாமல் தூசி உள்ளே போயிருக்கிறது.

கறுப்புப் புகையோடு ‘புஸ்’ சத்தம் என்றால் முதலில் பூஸ்ட் ஹோஸ், கிளாம்ப். நீலப் புகை ஆயில். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது கலகல என்றால் பெரும்பாலும் வேஸ்ட்கேட் நெம்புகோல் புஷ் தேய்மானம், உடனே ஆபத்தில்லை. ஆக்சுவேட்டர் கம்பியின் லாக் நட்டை மட்டும் திருகி ‘பவர் ஏற்றும்’ வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். பூஸ்ட் கட்டுப்பாடு மீறி ஷாஃப்ட் அளவுக்கு மேல் சுற்றும்.

விஜிடியில் தலைவலி வேறு. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில் புகைக்கரி படிந்து வேன்கள் இறுகும். ஸ்கேனரில் பி0299 (பூஸ்ட் குறைவு) அல்லது பி0234 (பூஸ்ட் அதிகம்) கோடு வரும், வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். வேக்குவம் ஹோஸ் விரிசலும் பி0299 தரும் என்பதால் அதை முதலில் பாருங்கள், சில ரூபாய் வேலை.

டர்போ மாற்றியே ஆக வேண்டுமென்றால் பேஞ்சோவுக்குப் புது காப்பர் வாஷர் போடுங்கள். ஆயில் வழிகளில் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், பிதுங்கிய துணுக்கு துளையை அடைக்கும். ஆயில் துளையில் 20 முதல் 30 மில்லி புது ஆயில் ஊற்றி, டீசல் கட் செய்து, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். பழைய டர்போ உடைந்திருந்தால் ஹோஸ், இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) எல்லாவற்றையும் கழுவாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. உள்ளே தேங்கிய ஆயிலை எஞ்சின் இழுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அதையே எரித்து ஓடும்.