கொழுந்து நிறுவைக் கணக்கும் மாற்ற முடியாத பட்டியல்களும்

இலங்கையின் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கணக்கு மென்பொருளை 2019 முதல் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். உருவாக்கிய பின் எதையும் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ விடாத, மாற்ற முடியாத பட்டியல்களின் அருமையை எனக்கு உணர்த்தியது அந்த மென்பொருளில் நானே விட்ட ஒரு பிழைதான்.

காலை, பகல், மாலை என மூன்று முறை மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கப்படும் எடைகள் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் அர்ரேலிஸ்ட் என்ற, மாற்றக்கூடிய பட்டியலில் சேரும். அன்று ஓர் அக்காவின் நிறுவை 8, 7, 6 கிலோ. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்காக ஒரு கிலோ கழித்தால் 18 வரும். அந்தத் தோட்டத்தில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, அதுவே அளவு. ஆனால் அறிக்கை அச்சிடும் பகுதி, கழிவைத் தனியே கணக்கிடாமல், தன் கைக்கு வந்த பட்டியலிலேயே எல்லா மதிப்புகளையும் மாற்றிவிடும் ரிப்ளேஸ்ஆல் மூலம் எழுதிவிட்டது. தாள் சிக்கி இரண்டாம் முறை அச்சிட்டபோது எடை 15 ஆகி, அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுந்தது. “தம்பி, தராச நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்” என்றார். அவர் சொன்னதே சரி.

முதலில் கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்டைப் பயன்படுத்தி, பட்டியலை மாற்ற முடியாத வடிவில் அச்சிடும் பகுதிக்குக் கொடுத்தேன். அச்சிடும் பகுதி பட்டியலில் கைவைத்த உடனேயே அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் என்ற பிழையறிவிப்பு எழுந்து, பிழை இருந்த வரியைக் காட்டியது. ஆயினும் அது தருவது பிரதியன்று, மூலப் பட்டியலைப் பார்க்கும் ஒரு சாளரம் மட்டுமே. மறுநாளைக்காக நான் மூலப் பட்டியலை கிளியர் செய்து காலியாக்கியபோது, அச்சுக்குக் காத்திருந்த முந்தைய நாளின் கணக்கும் வெறுமையாயிற்று.

ஜாவா 10இல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப், மாற்ற முடியாத தனிப் பிரதியைத் தந்து, இந்தக் குறையைத் தீர்த்தது. மூலம் பின்னர் எப்படி மாறினாலும் பிரதி மாறாது. கொடுக்கப்படுவது ஏற்கெனவே மாற்ற முடியாத பட்டியலாயின், பெரும்பாலும் அதையே திருப்பித் தருவதால் நினைவகமும் வீணாவதில்லை. மாலை நிறுவை பதியப்படாமல் நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்த ஒரு நாளில் அது நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் என்ற பிழையறிவிப்பை எறிந்தது எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. ஆனால் விடுபட்ட நிறுவை ஓசையின்றிக் கூலிக் கணக்குக்குள் போவதைவிட, அங்கேயே தடைபட்டு நிற்பதையே இன்று விரும்புகிறேன். ஜாவா 16இன் ஸ்ட்ரீம்.டூலிஸ்ட்டும் மாற்ற முடியாத பட்டியலையே தருகிறது; ஆனால் நல்லை அனுமதிப்பதால், அதை நிறுவைகளுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

இரண்டு குறைகள் எஞ்சியுள்ளன. இப்பட்டியல்களும் லிஸ்ட் என்ற அதே வகையின என்பதால் ஆட் (சேர்) என்று எழுதினால், நிரலை ஓட்டுமுன் சரிபார்த்து மொழிமாற்றும் தொகுப்பி தடுப்பதில்லை, ஓடும்போதுதான் தெரியவரும். அதனால் இரண்டு முறை அச்சிட்டுப் பார்க்கும் சோதனையொன்றைத் தனியே எழுதி வைத்திருக்கிறேன். மேலும், பட்டியல் பூட்டப்பட்டாலும் உள்ளிருக்கும் பொருள்கள் பூட்டப்படுவதில்லை. பின்னர் எடையுடன் அது நிறுக்கப்பட்ட நேரத்தையும் சேர்த்து ஒரு கிளாஸ் எழுதியபோது, மதிப்பை மாற்ற விடும் செட்டர்கள் அதில் இருந்தன. 2021இல் ஜாவா 16க்கு மாறியதும் அதை, செட்டர்களே இல்லாத ரெக்கார்டாக மாற்றி, எடையைத் திருத்த வேண்டுமாயின் கணக்கப்பிள்ளை புதிய பதிவே இட வேண்டும் என்று அமைத்தேன். பழைய எடையும் அதன் பக்கத்திலேயே நிற்கும்.