தோளில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: என் மகளுக்கு நேர்ந்தது

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு "ஆண்கள் நலன்" கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

எனக்கு 44 வயது. போன வருடம் முழுக்கத் தாங்க முடியாத களைப்பு. அந்த கிளினிக்கில் பின்னேரம் நாலு மணிக்கு ஒரே ஒரு தடவை இரத்தம் எடுத்துவிட்டு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைவு என்றார்கள். பெட்டியும் இல்லை, உள்ளே வரும் குறிப்புத் தாளும் இல்லை. அந்த ஹோர்மோன் ஜெல் டியூபை மட்டும் கையில் தந்து, "குளித்துவிட்டுத் தோளில் பூசுங்கோ அண்ணை" என்றார் அங்கிருந்தவர். கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

நான் குளிப்பது இரவில். கொழும்புப் புழுக்கத்தில் வீட்டில் சாரத்தோடு, சட்டையில்லாமல்தான் இருப்பேன். மூன்றரை வயது மகளுக்கு என் தோளில் முகம் புதைத்தால்தான் தூக்கம் வரும். நாலு மாதம் ஒவ்வொரு இரவும் அப்படித்தான் தூங்கினாள்.

முதலில் கவனித்தது மனைவி. பிள்ளையின் வியர்வையில் பெரிய ஆட்களின் வாடை. மூக்கோரம் பரு. தொட்டதற்கெல்லாம் கோபம், பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறாள் என்று ரீச்சர் சொன்னார். பிறகு ஒருநாள் குளிப்பாட்டும்போது, பருவ வயதில் வரவேண்டிய முடி அரும்பியிருப்பதைக் கண்டு மனைவி அழுதுவிட்டாள். குழந்தைகள் டொக்டர் மகளைப் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "வீட்டில் யாராவது ஹோர்மோன் ஜெல் பூசுகிறீர்களா?" எனக்குக் கை கால் ஓடவில்லை. இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், அவளது எலும்பு வயது, அதாவது எலும்பின் வளர்ச்சி காட்டும் வயது, உண்மையான வயதைத் தாண்டி முன்னே போயிருந்தது.

இது யாருக்கும் தெரியாத ஆபத்து இல்லை. பூசியவரின் தோலிலிருந்து பிள்ளைகளுக்கு மருந்து ஒட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009இலேயே இந்த ஜெல்களின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அந்தத் தாளைத்தான் எனக்குத் தராமல் விட்டார்கள்.

டொக்டர் சொன்ன பிறகுதான் சரியான முறை தெரிந்தது. காலையில், சுத்தமான உலர்ந்த தோளிலும் மேற்கையிலும், அதுவும் அந்தந்த ஜெல்லுக்குச் சொன்ன இடத்தில் மட்டும் பூச வேண்டும். பிறப்புறுப்பில் ஒருபோதும் கூடாது. உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நன்றாகக் காய்ந்ததும் சட்டை போட வேண்டும். அதில் அல்ககோல் இருப்பதால் காயும்வரை நெருப்புப் பக்கம் போகக் கூடாது. யாராவது அந்தத் தோலைத் தொட நேர்ந்தால், அதற்கு முன் அந்த இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளின் தோலில் படவே கூடாது.

அதோடு விடவில்லை. நாங்கள் இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து போகும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். அதை என்னிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. இரத்தம் தடிக்கிறதா என்று இடையிடையே ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், பார்க்க வேண்டும். 54 வீதம் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். எனக்கு 56. புரொஸ்டேட் சுரப்பி பற்றியும் ஒரு கேள்வி இல்லை.

ஜெல்லை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து, ஹோர்மோன் டொக்டர் இரண்டு வெவ்வேறு நாள் காலையில் இரத்தம் எடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் இறங்கும். இரண்டிலும் என் அளவு சரியாகவே இருந்தது. களைப்புக்குக் காரணம் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு. அந்த ஜெல் அதையும் மோசமாக்கக்கூடியதாம்.

கிளினிக்கில் போய்க் கேட்டேன். "பிள்ளையைத் தூக்கச் சொல்லி நாங்கள் சொன்னோமா?" என்றார்கள். பில்லில் மருந்தின் பெயர்கூட இல்லை, "பக்கேஜ்" என்று மட்டும் இருந்தது. நீங்கள் மருந்து வாங்கினால் டொக்டரின் சீட்டு, மூடிய பெட்டி, உள்ளே இருக்கும் தாள், மருந்தின் பெயர் போட்ட பில், நாலையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாமல் முறைப்பாடு கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மகளின் கோபமும் வாடையும் குறைந்துவிட்டன. பெரும்பாலான மாற்றங்கள் தொடர்பு நின்றதும் மறையும், எலும்பு வயது மட்டும் சிலருக்கு முழுதாகச் சரிவருவதில்லை என்றார் டொக்டர். அடுத்த எக்ஸ்ரேக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.