நெட்ஸ்கேப்பா ஐஇ-யா: 98ல இருந்து ரெண்டையும் ஓட்டுனவன் சொல்றேன்

98ல மதுரையில ஒரு பிரவுசிங் சென்டர்லதான் மொத மொதல்ல நெட்டையே பாத்தேன். டெஸ்க்டாப்ல ரெண்டு ஐகான் இருக்கும், நெட்டுல பேஜ் பாக்குற பிரவுசர் ரெண்டும் அதுதான்: ஒண்ணு நீல 'இ', அதாவது மைக்ரோசாஃப்ட்டோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், சுருக்கமா ஐஇ, இன்னொண்ணு கப்பல் ஓட்டுற சக்கரம். சக்கரத்தை கிளிக் பண்ணா நெட்ஸ்கேப் தொறக்கும், வலது மூலையில இருக்க 'என்' எழுத்துக்குப் பின்னாடி எரிகல்லா விழுந்துட்டே இருக்கும், அது நின்னா பேஜ் வந்துருச்சுன்னு அர்த்தம். மணிக்கு 60 ரூபா குடுத்துட்டு பாதி நேரம் எரிகல்லைத்தான் வேடிக்கை பாத்திருக்கோம்.

அப்ப நான் நெட்ஸ்கேப் கட்சி. 95 ஆகஸ்ட்ல ஷேர் 28 டாலருக்கு விட்டு மொத நாளே 58ல முடிஞ்ச கம்பெனி. மைக்ரோசாஃப்ட் லேட்டா முழிச்சுக்கிட்டு, ஸ்பைகிளாஸ்ங்கற கம்பெனிகிட்ட பிரவுசர் கோட் லைசென்ஸ் வாங்கி அதே மாசம் ஐஇ 1 விட்டாங்க. 97ல ஐஇ 4 ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி மைக்ரோசாஃப்ட்காரங்க பெரிய 'இ' ஒண்ணு செஞ்சு நெட்ஸ்கேப் ஆபீஸ் புல்தரையில வச்சுட்டுப் போக, நெட்ஸ்கேப்காரங்க அதைக் கவுத்துப்போட்டு மேல அவங்க சின்னமான மொசில்லா டைனோசரை ஏத்தி, கையில நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18னு மார்க்கெட் ஷேர் போர்டு மாட்டிவிட்டாங்க. செம நக்கல்ல? அடுத்த வருஷமே நெட்ஸ்கேப் கம்பெனியை ஏஓஎல்ங்கற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனிகிட்ட விக்க வேண்டியதாயிருச்சு.

ஐஇய விண்டோஸோட சேத்து சும்மா குடுத்துதான் மைக்ரோசாஃப்ட் நெட்ஸ்கேப்பைக் கொன்னாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அமெரிக்க கவர்மெண்ட் கேஸும் போட்டுச்சு, சரிதான், ஆனா நான் கட்சி மாறுனது ஃபான்டாலதாங்க. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் இன்னும் பரவாத காலம், தமிழ் தெரியணும்னா பேஜோடயே டைனமிக் ஃபான்ட் இறங்கணும், அதுக்கு ஐஇல ஈஓடி, நெட்ஸ்கேப்ல பிஎஃப்ஆர்னு ரெண்டு வேற வேற ஃபான்ட் வகை, ஒண்ணுக்கு செஞ்சது இன்னொண்ணுல ஓடாது. நான் தினம் படிச்ச ஒரு பத்திரிகை சைட்ல ஐஇக்கு மட்டும்தான் வச்சிருந்தாங்க, நெட்ஸ்கேப்ல தொறந்தா தலைப்புலேருந்து கடைசி வரி வரைக்கும் கொம்பும் வாலும் மொளச்ச இங்கிலீஷ் எழுத்து. எத்தனை நாள் பொறுக்குறது?

ஜெயிச்சதும் மைக்ரோசாஃப்ட்காரங்க தூங்கிட்டாங்க பாருங்க, அதான் எரிச்சல். 2001ல ஐஇ 6, அடுத்தது 2006லதான், அஞ்சு வருஷம் ஒரு டேப் கூட இல்லாமதான் ஐஇ ஓடுச்சு. 2004 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 1.0 வந்ததும் தாவிட்டேன், அதுவும் நெட்ஸ்கேப் 98ல தொறந்துவிட்ட கோடு வழியா வந்த வாரிசுதான். என் பேங்க் சைட் மட்டும் ஐஇய விட்டா தொறக்கவே மாட்டேன்னு அடம், அதனால அந்த நீல 'இ'ய டாஸ்க்பார் ஓரத்துல வச்சே ரொம்ப வருஷம் குடித்தனம் பண்ணேன்.