புதிய பதிப்புக்கு எந்த உலகம்: ஃபர்காட்டன் ரெல்ம்ஸா, எபெரானா?

கற்பனைப் பாத்திரங்களை ஏற்று ஒரு கதையைச் சேர்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகள் புதிய பதிப்பில் மாறும்போது, ஆட்டம் நிகழும் பழைய கதையுலகம் அந்த மாற்றத்தை எப்படித் தாங்குகிறது என்பதே என்னைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி. எட் கிரீன்வுட் உருவாக்கி 1987இல் இவ்விளையாட்டுக்கென வெளிவந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்னும் கதையுலகம், விதிமாற்றங்களைத் தன் வரலாற்றுக்குள்ளேயே நிகழ்ச்சிகளாக்கிக் கொள்கிறது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது, மந்திர தெய்வமான மிஸ்ட்ராவின் கொலையால் மாயசக்தியே நிலைகுலைந்ததாகக் கூறி, காலக்கோட்டை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னகர்த்தினார்கள். ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் பழகிய நகரங்களும் மனிதர்களும் இதனால் மறைந்துபோனது உண்மையான இழப்பு என்றே கருதுகிறேன். ஐந்தாம் பதிப்பில் அவற்றுள் பலவற்றை மீட்க வேண்டியதாயிற்று.

2004இல் வெளிவந்த, கீத் பேக்கரின் எபெரான் வேறு வழியில் செல்கிறது. எத்தனை பதிப்புகள் வந்தாலும் அங்கே ஆண்டு 998தான். பெரும்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, சையர் நாடு ஏன் ஒரே நாளில் அழிந்தது என்பதற்கு அதிகாரபூர்வ விடையே தரப்படவில்லை. தெய்வங்கள் உண்மையில் இருக்கிறார்களா என்பதும் அவ்வாறே திறந்து விடப்பட்டுள்ளது (ரெல்ம்ஸிலோ அவர்கள் மண்ணில் நடமாடியிருக்கிறார்கள்). ஆகவே, விடைகளை ஆட்டத்தை நடத்துபவரே தீர்மானிக்கிறார்; அடுத்த நூல் வந்து அவருடைய கதையைப் பொய்யாக்குவதில்லை.

ஆயத்த நகரங்களும் வரைபடங்களும் உடனே வேண்டுமெனில் ரெல்ம்ஸ் எளிது. ஆனால் பல ஆண்டுகள் நீளும் தொடர் ஆட்டத்துக்கு நான் எபெரானையே தேர்ந்தெடுப்பேன்.